அதிகாலை லாங் ரன்: கிருஷ்ணகிரியிலிருந்து மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்குத் தயாராகும்போது வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு, மற்ற நாட்களைவிட நெடுந்தூரம் ஓடுவதை லாங் ரன் என்கிறோம். வாரநாள் ஓட்டங்களில் ஒன்றிரண்டு விட்டுப்போனால் சமாளித்துக்கொள்ளலாம். லாங் ரன்னை அடிக்கடி விட்டவர்கள் பந்தயத்தன்று முப்பதாவது கிலோமீட்டரில் மாட்டிக்கொள்வார்கள்.

நம் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்ய இரண்டு விஷயம் முக்கியம். மெதுவாக ஓட வேண்டும். காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் வழி செய்துகொள்வதுதான்.

நிற்காமல் 10, 12 கிலோமீட்டர் இப்போதே ஓட முடிகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. அந்த அளவு இன்னும் வரவில்லையென்றால் மூன்று மாதம் அதற்கு ஒதுக்குங்கள், மாரத்தான் எங்கேயும் ஓடிப்போகாது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள், ஓடும் நாளில் எவ்வளவு போடுவது என்பதை டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

முடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

பலரும் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றுதான் யோசிக்கிறார்கள். கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு முடிப்பது என்பதை. கிருஷ்ணகிரியில் ஜனவரியில் சூரியன் 6:40 வாக்கில் உதிக்கும், ஜூனில் 5:50க்கே வந்துவிடும். உதித்து ஒரு மணி நேரம் வரை வெயில் தொந்தரவு செய்யாது. அதற்குப் பிறகு, மூன்று மணி நேரமாகச் சூடேறிக்கொண்டிருக்கும் உடம்பின் மேல் வெயிலும் சேர்ந்து விழும்போது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். தோலைக் குளிரவைக்க ரத்தம் அந்தப் பக்கம் போகிறது, காலுக்குப் போவது குறைகிறது. கடைசி ஐந்து கிலோமீட்டர் இழுபறியாகிப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை எட்டு மணி, மார்ச் முதல் மே வரை ஏழு மணி என்று கடைசி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றேகால் மணி நேரம் ஓட வேண்டுமென்றால் 4:45க்கு முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். சாப்பிட, கக்கூஸ் போக, ஷூ கட்ட ஐம்பது நிமிடமாவது ஆகும், எனவே 3:50க்கு எழ வேண்டும். முந்தைய இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு தூரம்

சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரங்களில் நடக்கும். அதைக் குறி வைத்தால் செப்டம்பர் நடுவில் தொடங்கி 16 வாரம் கிடைக்கும். நான் பரிந்துரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வரிசை, கிலோமீட்டரில்: 14, 16, 18, 14, 19, 21, 23, 17, 24, 26, 28, 20, 30, 22, 14, அப்புறம் பந்தயம். நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் குறைவதைக் கவனியுங்கள். மூன்று வாரம் ஏற்றியதை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொடுக்கும் இடைவெளி அது. "போன வாரம் 18 ஈஸியாகத்தானே இருந்தது" என்று அந்த வாரத்திலும் ஏற்றுகிறவர்களுக்குத்தான் கெண்டைக்கால், குதிகால், முழங்கால் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

இந்த எண்கள் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. லாங் ரன்னுக்குத் தூரத்தோடு நேர வரம்பும் உண்டு: மூன்றரை மணி. அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட உடம்பு தேறுவதற்குப் பிடிக்கும் நாட்கள் அதிகம். 4 மணி நேரத்தில் முடிக்க நினைப்பவரின் பந்தய வேகம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5:41, அதாவது 5 நிமிடம் 41 விநாடி. அவர் லாங் ரன்னை 6:30இல் ஓடினால் மூன்றரை மணிக்குள் 32 கிலோமீட்டர் போய்விடுவார். நாலரை மணி நேர இலக்கு வைத்தவருக்குப் பந்தய வேகம் 6:24, லாங் ரன் 7:15 வாக்கில். அவருக்கு 28, 29 போதும். 5 மணி நேரக்காரர் 8 நிமிட வேகத்தில் ஓடுவார், 26இல் நிறுத்திக்கொள்ளலாம். 26 ஓடியவரால் 42 ஓட முடியுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும். முடியும். பதினாறு வாரமும் சேர்ந்துதான் அன்றைக்கு ஓடுகிறது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஓடுவதில்லை.

இன்னொரு கணக்கு: லாங் ரன் உங்கள் வாரத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெரிதாகத் தாண்டக் கூடாது. வாரநாட்களில் எதுவுமே ஓடாமல் ஞாயிறு மட்டும் 25 ஓடுவது நேராகக் காயத்தில் கொண்டுபோய் விடும்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக

பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால், தெரிந்த பாட்டை நாலு வரி முணுமுணுத்துப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக வெட்ட வேண்டியிருந்தால் வேகம் அதிகம். கடிகாரக் கணக்கில் பந்தய வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 45 முதல் 75 விநாடி மெதுவாக.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் 500 கிராம், அதாவது 2,000 கலோரி. ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 60 கிலோ ஆளுக்கு 30 கிலோமீட்டரில் 1,800. இருப்பு முப்பதை ஒட்டித் தீர்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். கொழுப்போ, ஒல்லியான ஆளிடமும் பல மாரத்தானுக்குப் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அதை எரிக்க உடம்பு நேரம் எடுத்துக்கொள்ளும். மெதுவாக ஓடினால் செலவில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து போகும், தசை நார்களைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகும், இருப்பு நீடிக்கும். வேகமாக ஓடினால் இருப்பைத்தான் கரைக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கும் கால் இருக்காது.

பெரிய தடை கூச்சம். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் "என்னப்பா, நடக்கிறதுக்கே இதைவிட வேகமா போலாமே" என்று சொல்லத்தான் செய்வார். சிரித்துவிட்டுப் போங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரை அதையும்விட மெதுவாகத் தொடங்குங்கள். புதியவர்கள் ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் அடியிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். களைத்த பிறகு நடப்பதும், திட்டம் போட்டு நடப்பதும் வேறு வேறு.

எங்கே ஓடுவது: இருட்டில் ஊருக்குள், வெளிச்சத்தில் வெளியே

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். சென்னை, பெங்களூரு, சேலம் என மூன்று பக்க லாரிப் போக்குவரத்தும் நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அதிகாலை நான்கு, ஐந்து மணி லாரி டிரைவர்களுக்குத் தூக்கம் சொக்கும் நேரம். தேசிய நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் ஓடவே ஓடாதீர்கள். சர்வீஸ் ரோடு கிடைத்தால் அதில் போகலாம், அதிலும் எதிர்த்திசையில் லைட் போடாமல் வரும் டூவீலர்களைக் கவனிக்க வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கும் இதே விதி, தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் பகலில்கூட வேண்டாம்.

என் யோசனை, ஓட்டத்தை இரண்டாகப் பிரிப்பது. 4:45 முதல் 6:15 வரை தெருவிளக்கு உள்ள குடியிருப்புத் தெருக்களில் மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றாக ஓடுங்கள். மாவட்ட விளையாட்டு அரங்கம் அந்த நேரத்தில் திறந்திருந்தால் அதுவும் சரி. 400 மீட்டர் டிராக்கில் 12 கிலோமீட்டர் என்றால் 30 சுற்று. அலுப்புத்தான். ஒரே திசையில் சுற்றினால் உள்பக்கக் காலுக்கு வலி வரும், எனவே பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தால் வெளிப்பக்க லேனுக்கு வந்துவிட்டு மாற்றுங்கள்.

வெளுத்ததும் ஊரைவிட்டு வெளியே. கே.ஆர்.பி. அணை ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான், போய்வந்தால் உங்கள் வீட்டைப் பொறுத்துப் பதினைந்தை ஒட்டி வரும். காமராஜர் காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை. அதிலிருந்து இடது, வலது என்று இரண்டு கால்வாய் பிரிகின்றன. கால்வாயை ஒட்டிய கிராமத்துச் சாலைகளில் தென்னையும் மாந்தோப்பும் நிழல் கொடுக்கும், ஏற்ற இறக்கமும் கம்மி. கால்வாய்க் கரை மண் பாதை முழங்காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் நன்றாக விடிந்த பிறகு மட்டும். இருட்டில் அங்கே பாம்பு நடமாட்டம் உண்டு.

மேடு வேண்டுமென்றால் ராயக்கோட்டை, ஓசூர் திசை. ஓசூர் நம்மைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகப் போக ஏற்றம்தான். ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். மலைக்கோட்டைப் படிக்கட்டில் ஏறி இறங்குவது நல்ல பயிற்சிதான், லாங் ரன் நாளில் வேண்டாம்.

ரோட்டில் நம் ஊருக்கே உரிய தொல்லைகள்

பொதுவான மாரத்தான் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ராகி, கொள்ளு அறுவடை. கதிரைத் தார்ச் சாலையில் பரப்பி, வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று விட்டிருப்பார்கள். பகலில் அது தெரியும். விடியும் முன் அதன் மேல் பனி இறங்கி, கொள்ளுச் செடியின் தண்டெல்லாம் ஈரமாகி, கால் வைத்தால் வழுக்கும். இரவில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் தலையளவு கல் வைத்திருப்பார்கள். சாம்பல் நிறக் கல், சாம்பல் நிற ரோடு. ஹெட் லேம்ப் இல்லாமல் போனால் கால் விரல் அதில்தான் போய் முட்டும். சனிக்கிழமை மாலை டூவீலரில் ஒருமுறை பாதையைப் பார்த்துவிட்டு வந்தால் எந்த இடத்தில் களம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கலை ஒட்டி எருது விடும் விழாவுக்குக் காளைகளைப் பழக்குவார்கள். காலையில் கயிற்றோடு ஓட்டி வருகிறவர்களைக் கண்டால் நின்று, ஒதுங்கி, அவர்கள் கடந்த பிறகு ஓடுங்கள். நீங்கள் பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டால் மாடு மிரளும், பிடித்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு வந்துவிடுங்கள், முதுகைக் காட்டாமல் மெல்ல நகருங்கள். குனிந்து கல் எடுப்பது போலச் செய்தாலே பெரும்பாலும் விலகிவிடும். கடித்துவிட்டால், அல்லது நகம் பட்டுக் கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று விடக் கூடாது. ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை.

யானை விஷயம் தனி. அக்டோபருக்குப் பிறகு பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு, சூளகிரி வரை யானைக் கூட்டங்கள் வரும். ராகிக் காடுதான் அவற்றுக்கு இலக்கு. அந்தப் பகுதியில் இருக்கிறவர்கள் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மாதங்களில் விடியும் முன் காட்டை ஒட்டிய சாலையில் ஓடுவதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பனிமூட்டம். டிசம்பர், ஜனவரியில் சில நாள் இருபது அடிக்கு மேல் தெரியாது. தலையில் ஹெட் லேம்ப், மேலே ஒளி பட்டால் மின்னும் ஜாக்கெட் இரண்டும் வேண்டும். ரோட்டின் வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இயர்போன் போட்டே தீர வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும். பூ மூட்டையும் பால் கேனும் ஏற்றிய டெம்போக்கள் அந்த நேரத்தில்தான் பறக்கும்.

தனியாகப் போகிறவர்கள் வீட்டில் பாதையைச் சொல்லிவிட்டு, போனில் லைவ் லொக்கேஷனை ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். பெண்களுக்கு நான் சொல்வது, விடியும் முன் பகுதியை இரண்டு மூன்று பேராகவோ, சைக்கிளில் ஒருவர் கூடவர ஓடுவதோ நல்லது. அது கிடைக்காத வாரம் 5:45க்குத் தொடங்கி, தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை

பகலில் தண்ணீர் வழக்கம்போல் குடியுங்கள், மாலையில் ஒரேயடியாகக் குடித்து இரவெல்லாம் எழுந்துகொள்ள வேண்டாம். இரவு சாப்பாடு 7:30க்குள்: சாதம், ரசம், உருளைக்கிழங்குப் பொரியல், தயிர் போதும். அல்லது இட்லி, தோசை. பிரியாணி, பரோட்டா சால்னா, பருப்பு, கீரை, காலிஃபிளவர் எல்லாம் மறுநாளைக்கு ஒத்திப்போடுங்கள்.

களி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராகிக் களி சாப்பிட்டால்தான் தெம்பு என்று வீட்டில் சொல்வார்கள். தெம்பு உண்மைதான். ஆனால் அதில் நார்ச்சத்து அதிகம், செரிக்க நேரமாகும், அதனால்தான் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு மதியம் வரை பசிக்காது. லாங் ரன்னுக்கு முந்தைய இரவு அது வயிற்றில் உட்கார்ந்திருந்தால் பதினைந்தாவது கிலோமீட்டரில் புதர் தேட வேண்டியிருக்கும். ஓட்டம் முடிந்து வந்து சாப்பிடுங்கள், அப்போது அதைப் போல ஒன்று கிடையாது.

படுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு நாற்காலியில் எடுத்து வையுங்கள்: பனியன், ஷார்ட்ஸ், பருத்தி கலக்காத சாக்ஸ், பெல்ட், விளக்கு, நூறு ரூபாய் நோட்டு, பெயரும் ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதிய சிறு அட்டை. ஷூ புதிதாக இருக்கக் கூடாது, குறைந்தது 50 கிலோமீட்டர் ஓடிப் பழகியதாக இருக்கட்டும். நகத்தை வெள்ளிக்கிழமையே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் விரல் முட்டிக் கறுத்துப்போவது குறையும்.

சனி இரவு தூக்கம் சரியாக வராமல் புரண்டால் பதற வேண்டாம். வெள்ளி இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு நாள் ஓட்டத்துக்கு அது கைகொடுக்கும்.

காலை 3:50 முதல் முதல் அடி வரை

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், அடுத்து காபி அல்லது டீ. காபி குடித்து அரை மணியில் வயிறு காலியாகும், அதுதான் முக்கியம். சாப்பிட ஒரு பூவன் பழமும், இரண்டு துண்டு பிரெட்டில் ஜாம் தடவியோ, இரண்டு இட்லியில் சர்க்கரை தொட்டோ. சட்னி, சாம்பார் வேண்டாம். அந்த நேரத்தில் எதுவும் இறங்காது என்கிறவர்கள் இரண்டு பேரீச்சம்பழமாவது தின்றுவிட்டு, ஓட்டத்தில் சீக்கிரமே சாப்பிட ஆரம்பியுங்கள்.

அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்க்கச்சை விளிம்பு, எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். ஆண்கள் மார்புக் காம்பின் மேல் மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டாதவர்களின் வெள்ளை பனியனில் இரண்டு ரத்தக் கோடு இறங்கியிருப்பதை எந்தப் பந்தயத்தின் முடிவிலும் பார்க்கலாம்.

வாசலில் ஐந்து நிமிடம் வேக நடை, தூணைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் பத்து வீச்சு. அவ்வளவு போதும். குளிர்ந்த தசையை இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெட்ச் செய்ய வேண்டாம்.

ஓடும்போது சாப்பாடும் தண்ணீரும்

இதைப் பலரும் பந்தயத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். 90 நிமிடத்தைத் தாண்டும் எந்த ஓட்டத்திலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். முதல் தவணை 40ஆவது நிமிடத்தில், பசிக்கும் முன்பே. அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை.

கடையில் விற்கும் ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. சின்ன ஏலக்கி வாழைப்பழம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு கிராம், 10 கிராம் வெல்லக் கட்டியில் 9 கிராம் அளவு, பேரீச்சம்பழம் இரண்டில் ஏறக்குறைய பத்து. கடலை மிட்டாயில் எண்ணெய்ச் சத்து உண்டு, ஓடும்போது சுலபத்தில் செரிக்காது. பந்தயத்தில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே குறைந்தது நாலு லாங் ரன்னில் சாப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே பானம் கலக்க: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை (மட்டமாக 5 மேசைக்கரண்டி), கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இதற்கு மேல் இனிப்பாக்கினால் வயிற்றில் தேங்கி உப்பும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்தான். எனவே இளநீரை முடித்த பிறகு குடியுங்கள், கூடவே ஒரு சிட்டிகை உப்பும்.

எவ்வளவு குடிப்பது என்பதை எடை மெஷின் சொல்லிவிடும். ஓடும் முன்னும் ஓடி முடித்து உடம்பைத் துடைத்த பிறகும், துணியில்லாமல் எடை பாருங்கள். 62 கிலோவில் கிளம்பி 60.4இல் வந்தீர்கள், நடுவில் ஒரு லிட்டர் குடித்தீர்கள் என்றால் மூன்று மணி நேரத்தில் வியர்த்தது 2.6 லிட்டர், மணிக்கு 870 மில்லி. முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, எடைக் குறைவை இரண்டு, இரண்டரை சதவீதத்துக்குள் வைத்தால் போதும். ஆனால் எடை கூடியிருந்தால் எச்சரிக்கை: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்குவது உயிருக்கே ஆபத்து. மெதுவாக ஓடி, ஸ்டாலுக்கு ஸ்டால் குடிக்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது.

இரண்டு பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவதைவிட, சுற்றுப் பாதை போட்டு வாசல் திண்ணையில் வைத்துவிட்டுச் சுற்றுக்கு ஒருமுறை குடிப்பது வசதி. வெளியே போகும் பகுதிக்குத் தெரிந்த டீக்கடையில் சொல்லி வைக்கலாம். "அண்ணே, இந்த பாட்டில் இங்க இருக்கட்டும், ஆறரைக்கு வருவேன்" என்றால் யாரும் மறுப்பதில்லை.

எப்போது நிறுத்துவது

கால் கனப்பது, தொடை எரிவது எல்லாம் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரே இடத்தில் ஊசி குத்துவது போன்ற வலி வந்து, அதனால் கால் வைக்கும் விதம் மாறினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. நூறு ரூபாய் நோட்டு அதற்குத்தான், டவுன் பஸ் பிடியுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சு குழறுவது, தள்ளாடுவது, கூட வருகிறவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது வெப்பத் தாக்கம். அவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். உடனே நிழலில் படுக்கவைத்து, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுவதும் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு ஆள் சொல்லுங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம் ஆஸ்பத்திரி.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு லாங் ரன் ஓடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. டைக்ளோபினாக், இபுபுரூஃபென் போன்றவை உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வேண்டவே வேண்டாம்.

மழை நாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூறலில் ஓடலாம், இடியில் ஓடக் கூடாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், வெயிலில் காயவைத்தால் அடிப்பாகப் பசை விட்டுப்போகும்.

வந்த பிறகு

பொத்தென்று உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். அரை லிட்டர் உப்புச் சர்க்கரைப் பானத்தையோ உப்புப் போட்ட நீர்மோரையோ மெல்ல மெல்லக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு: மாவுச்சத்தோடு 20 கிராம் புரதம். மூன்று முட்டையில் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். இப்போதுதான் களிக்கு நேரம். சூடான களி உருண்டை, கீரைக் கடைசல், அல்லது ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு. ஆனி மாதத்தில் ஓடுகிறவர்கள் கூடவே ஒரு மாம்பழம் சேர்த்துக்கொள்ளலாம், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

மதியம் ஒரு மணி நேரம் தூங்குங்கள். மாலையில் கால் மணி நேரம் தெருவில் நடை, மறுநாள் ஓட்டம் கிடையாது. செவ்வாய் காலையில் படி இறங்கும்போது தொடை இன்னும் பிடித்தால், ஞாயிறு வேகம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த வாரம் கிலோமீட்டருக்கு 15 விநாடி மெதுவாக ஓடுங்கள்.

முப்பது கிலோமீட்டர் ஓட்டம், அதிலிருந்து சென்னைக்கு

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன் வரும் 30ஐ ஒத்திகையாக ஓடுங்கள். அன்று போடப்போகும் அதே பனியன், சாக்ஸ், ஷூ, அதே ஜெல், அதே நேரத்தில் சாப்பாடு. முதல் 22 கிலோமீட்டர் வழக்கமான மெதுவோட்டம், கடைசி 8 மட்டும் பந்தய வேகம். லாங் ரன்னில் வேகத்தைத் தொட நான் சம்மதிக்கும் ஒரே இடம் இது. அதற்குப் பிறகு ஏற்றிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். கடைசி மூன்று வாரத்தில் புதிதாகத் திறன் சேராது, களைப்புத்தான் சேரும்.

நம் ஊரில் டிசம்பர் காலை 16, 17 டிகிரிக்கு இறங்கும், காற்றும் கொஞ்சம் உலர்ந்தது. சென்னையில் ஜனவரி அதிகாலையிலேயே 21, 22 டிகிரி இருக்கும், கடற்காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். இங்கே கிலோமீட்டருக்கு 6:20 வேகத்தில் சுலபமாக ஓடியவருக்கு அங்கே அதே வேகம் பதினெட்டாவது கிலோமீட்டரிலேயே கடினமாகிவிடும். சென்னை ஓடுகிறவர்கள் முதல் 10 கிலோமீட்டரைத் திட்டமிட்ட வேகத்தைவிட 10, 15 விநாடி மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள், உப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பெங்களூருவில் ஓடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் நம்மைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். ஆனால் அவர்களுடைய பதினாறு வாரம் ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது. அது மாங்காய் சீசன். கூழ் ஆலைகளுக்கு லோடு ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் கிராமத்துச் சாலையில் விடிய விடிய ஓடும். அந்த இரண்டு மாதம் மட்டும் வெளியூர்ப் பாதையை விட்டுவிட்டு முழு ஓட்டத்தையும் ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.